பேப்பரை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வா!

போன மார்ச்சில் ஒரு சாயங்காலம். குக்கரில் இரண்டாவது விசில் வந்த நேரத்தில் போன். தங்கை மகள் பேசினாள். கும்பகோணத்திலிருந்து டாக்டரைப் பார்க்க சென்னை வந்தவள், ரயிலுக்காக எழும்பூரில் உட்கார்ந்திருந்தாள்.

"பெரியம்மா, டாக்டர் ஒரு ட்ரையல் இருக்குன்னு சொல்றார். புது மாத்திரையாம். சேரலாமான்னு யோசிச்சு சொல்லச் சொல்லியிருக்கார்."

நான் யோசிக்கவே இல்லை. "புது மருந்துன்னா நல்லதுதானேடி. சேர்ந்துடு" என்றேன். மூன்றாவது விசில் வந்தது. அடுப்பை அணைத்தேன். பேச்சும் முடிந்தது.

ஒரு புடவை எடுக்க நாலு கடை ஏறி இறங்குகிறவள் நான். ஒரு பெண்ணின் இரண்டு வருட வாழ்க்கையை இரண்டு விசிலுக்கு நடுவில் தீர்மானித்துக் கொடுத்துவிட்டேன். இந்த வாரம் அந்தக் கதைதான்.

அவளுக்கு வயது 31. ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. மாப்பிள்ளைக்கு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் வேலை. நான்கு வருடம் முன்பு ஒருநாள் அவளுக்கு வலது கண்ணைத் திருப்பினாலே வலித்தது. பார்வையில் புகை படிந்த மாதிரி இருந்தது. கண்ணாடிக் கடைக்குப் போய் பவர் பார்த்தாள். பவரில் மாற்றம் இல்லை. சில வாரங்களில் தானாகவே தெளிந்தது, நாங்களும் மறந்துபோனோம். அடுத்த வருடம் இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. "தரையில கால் வெச்சா பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கு" என்றாள். எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான் நோயின் பெயர் தெரிந்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ். அரசாங்கத் தாள்களில் 'தண்டுவட மரப்பு நோய்' என்று இருக்கும்.

கரண்ட் ஒயருக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருக்கிறதல்லவா, அதுபோல நம் நரம்புகளுக்கும் ஓர் உறை உண்டு. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, அந்த உறையையே எதிரி என்று நினைத்துத் தாக்கினால் அதுதான் எம்.எஸ். எந்த நரம்பின் உறை பழுதாகிறதோ, அந்த நரம்பு செய்கிற வேலை கெடும். ஒருவருக்குக் கண், இன்னொருவருக்குக் கால், மற்றொருவருக்குச் சிறுநீர்ப்பை. பெரும்பாலும் 20 வயதிலிருந்து 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம். முழுசாகக் குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால், தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன. முதல் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1993-ல். இன்று இருபதுக்கும் மேல் ஆகிவிட்டன.

இவளுக்குக் கொடுத்தது டைமெத்தில் ஃப்யூமரேட் என்ற மாத்திரை. காலை ஒன்று, இரவு ஒன்று. விழுங்கிய அரை மணி நேரத்தில் முகம் சிவந்து சூடேறும். "ஓசியில மேக்கப் பெரியம்மா" என்பாள். அந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, போன கார்த்திகையில் இடது கை சோர்ந்துவிட்டது. குழந்தைக்குத் தலை பின்ன முடியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஐந்து நாள் ஸ்டீராய்டு டிரிப்ஸ். கை திரும்பியது, ஆனால் முழுசாகத் திரும்பவில்லை. "இந்த மாத்திரை உங்களுக்குப் போதலை, மாத்தணும்" என்றார் டாக்டர். அந்தச் சமயத்தில்தான் ட்ரையல் பேச்சு வந்தது.

செக்கப்பா, எலியா?

ஊருக்குப் போனவள் வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். மாமியார், "மருத்துவப் பரிசோதனைதானே, போய் நல்லா செக்கப் பண்ணிட்டு வா" என்றாராம். பாவம், அவர் மீது தப்பில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தாலும் நமக்குப் 'பரிசோதனை', ஒரு மருந்தை மனிதர்களிடம் கொடுத்துப் பார்த்தாலும் 'பரிசோதனை'. ஒரே சொல்லுக்குள் இரண்டு விஷயம் புகுந்துகொண்டால் யாருக்குத்தான் புரியும்?

மாமனாருக்குப் புரிந்தது. ஆனால் வேறு மாதிரி. "இலவசமா மருந்து, இலவசமா ஸ்கேன், போக வர காசுன்னா சும்மாவா தர்றாங்க? நம்ம வீட்டுப் பொண்ணு என்ன சோதனை எலியா?"

மாப்பிள்ளை பேசவில்லை. அவர் மனசில் ஓடிய கணக்கு எனக்குத் தெரியும். மாத்திரைச் செலவு, வருஷா வருஷம் எம்.ஆர்.ஐ., ரத்தப் பரிசோதனைகள். ட்ரையலில் சேர்ந்தால் இரண்டு வருஷத்துக்கு அத்தனையும் மிச்சம். ஒரு சம்பளக்காரர் அப்படி நினைப்பதில் கேவலம் ஒன்றும் இல்லை.

நான் 'சேர்ந்துடு' என்றேன், மாமனார் 'வேண்டாம்' என்றார். இரண்டு பேரில் ஒருவர்கூட ஆஸ்பத்திரியில் கொடுத்த பேப்பரைப் படித்திருக்கவில்லை!

கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

இரண்டு வாரம் கழித்து அவளும் மாப்பிள்ளையும் உழவன் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினார்கள். மறுநாள் திங்கட்கிழமை டாக்டரிடம் பதில் சொல்ல வேண்டும். காபி குடித்ததும் அவள் பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தாள். ஒப்புதல் படிவம், 26 பக்கம். அன்றைக்கே கையெழுத்துப் போட்டால் அடுத்த வாரமே ஆரம்பித்துவிடலாம் என்று அங்கிருந்த ஒரு பெண் சொன்னாராம். "வீட்டுல படிச்சுட்டு வர்றேன்" என்று இவள் வாங்கி வந்துவிட்டாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவளைக் கட்டிக்கொள்ளலாம்.

கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். மாப்பிள்ளை வாய்விட்டுப் படித்தார். அவள் கையில் பென்சில். படிவம் தமிழில்தான் இருந்தது. ஆனால் 'சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு', 'இரட்டை மறைப்பு', 'பாதகமான நிகழ்வு' என்று வந்தால் தமிழ் வாத்தியாரே தண்ணீர் கேட்பார். ஒவ்வொன்றையும் எங்கள் தமிழுக்கு மாற்றிக்கொண்டே போனோம்.

சமவாய்ப்பு என்றால் சீட்டுக் குலுக்கல் மாதிரி. யாருக்கு எந்த மருந்து என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். பாதிப் பேருக்குப் புது மாத்திரை. பாதிப் பேருக்கு ஏற்கெனவே கடையில் கிடைக்கும் டெரிஃப்ளூனோமைடு என்ற மாத்திரை. எல்லோரும் தினமும் இரண்டு மாத்திரை விழுங்க வேண்டும். அதில் ஒன்று நிஜம், ஒன்று வெற்று மாத்திரை. எது எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

"டாக்டருக்கே தெரியாதுன்னா எங்கப்பா சண்டைக்கே போயிடுவார்" என்றார் மாப்பிள்ளை. ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது. புது மருந்து என்று தெரிந்தால் நமக்கே கொஞ்சம் தெம்பு வந்த மாதிரி இருக்கும். டாக்டர் கண்ணுக்கும் முன்னேற்றம் தெரியும். அந்த ஆசையை அளவிலிருந்து பிரித்து எடுக்கத்தான் இந்த மறைப்பு. அவசரம் என்றால் உடனே திறந்து பார்க்க வழியும் வைத்திருக்கிறார்கள்.

முதல் ஆறு மாதம், நான்கு வாரத்துக்கு ஒருமுறை சென்னை வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை. பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இப்போது சாப்பிடும் மாத்திரையை முதலில் நிறுத்தியாக வேண்டும்.

14-ம் பக்கம் வந்தது. ட்ரையல் நடக்கும் காலம் முழுவதும் கர்ப்பம் தரிக்கக் கூடாது. மாப்பிள்ளை குரல் இறங்கியது. டெரிஃப்ளூனோமைடு கர்ப்பிணிகளுக்கு ஆகாத மருந்து. நிறுத்திய பிறகும் இரண்டு வருடம் வரை ரத்தத்தில் தங்கிவிடக்கூடும். சீக்கிரம் வெளியேற்ற 11 நாள் தனியாக ஒரு மருந்து சாப்பிட வேண்டும். குலுக்கலில் தனக்கு எது விழுந்தது என்று தெரியாததால், ட்ரையலில் இருக்கும் எல்லாப் பெண்களுக்கும் அதே கட்டுப்பாடு.

அவள் பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தாள். இரண்டாவது குழந்தை வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மூத்தவள் தினமும் 'தம்பி எப்போ வருவான்' என்று கேட்கிறாள். இதை அவள் டாக்டரிடம் சொன்னதில்லை. டாக்டரும் கேட்டதில்லை.

மாப்பிள்ளை பக்கத்தைத் திருப்பப்போனார். "இருங்க" என்று அவள் 11-ம் பக்கத்துக்குத் திரும்பினாள். முன்பே பென்சிலில் கோடு போட்டு வைத்திருந்த இடம். மொத்தமே இரண்டு வரி. இந்த நோய்க்கு வேறு சிகிச்சைகளும் உண்டு, மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று இருந்தது.

"பெரியம்மா, அந்த வேற சிகிச்சை என்னன்னு யாரும் எங்கிட்ட சொல்லலையே?"

26 பக்கத்தில் அவள் கேட்க வேண்டிய கேள்வி அந்த இரண்டு வரிக்குள் இருந்தது.

புதுசு என்றால் நல்லதா?

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 'புது மருந்துன்னா நல்லதுதானே' என்று நான் சொன்னது எவ்வளவு தூரம் சரி என்று பார்க்க உட்கார்ந்தேன்.

எவோப்ருட்டினிப் என்று ஒரு புது மாத்திரை. மிகுந்த எதிர்பார்ப்போடு வந்தது. விட்டு விட்டுத் தாக்கும் எம்.எஸ். உள்ளவர்களிடம், இதே டெரிஃப்ளூனோமைடோடு போட்டிக்கு விட்டுப் பார்த்தார்கள். பழையதைவிட இது தாக்குதல்களைக் குறைக்கவில்லை என்று 2023 டிசம்பரில் முடிவு வந்தது.

அதே வகையைச் சேர்ந்த இன்னொன்று டோலெப்ருட்டினிப். அதுவும் தாக்குதல்களைக் குறைப்பதில் டெரிஃப்ளூனோமைடை ஜெயிக்கவில்லை. ஆனால் வேறொரு ட்ரையலில், தாக்குதல் இல்லாமல் மெல்ல மெல்ல உடம்பு தளர்ந்துகொண்டே போகும் கட்டத்தில் இருந்த 1,100-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால், முடக்கம் கூடும் ஆபத்து 31 சதவிகிதம் குறைந்தது. 2025-ல் வெளியான முடிவு அது. கூடவே, மருந்து சாப்பிட்டவர்களில் 100-க்கு 4 பேருக்குக் கல்லீரல் என்சைம் மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. ஒருவருக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை வரை போய், அதன் பின்விளைவில் உயிர் பிரிந்தது.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் நடாலிசுமாப். 2004 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்து, 2005 பிப்ரவரியிலேயே நிறுத்திவைக்கப்பட்ட மருந்து. ட்ரையலில் இருந்தவர்களுக்கு மூளையைப் பாதிக்கும் அபூர்வமான தொற்று வந்ததுதான் காரணம். 2006-ல் கடுமையான கட்டுப்பாடுகளோடு திரும்பி வந்தது. யாருக்கு அந்த ஆபத்து அதிகம் என்று கணிக்க இப்போது ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அந்த மருந்தால் நன்றாக இருப்பவர்கள் ஏராளம்.

புதுசு ஜெயிக்கவும் செய்கிறது, தோற்கவும் செய்கிறது. எது நடக்கும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. அடுப்படியில் நின்றுகொண்டு எனக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

பி.டி. சார்

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் கூட்டம். எங்கள் பக்கத்தில் கைத்தடியோடு ஒருவர். வயது 54. விழுப்புரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்தவர். விசில் அடித்துப் பிள்ளைகளை ஓடவிட்டவருக்கு, இப்போது கதவிலிருந்து நாற்காலி வரை வருவதே ஒரு பயணம். எம்.எஸ். வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறதாம். இப்போது தாக்குதல் எல்லாம் வருவதில்லை. மாதத்துக்கு மாதம் கால் கனத்துக்கொண்டே போகிறது. அவருக்கும் ஒரு ட்ரையல் சொல்லியிருக்கிறார்கள். வேறு மருந்து. மூன்று பேரில் இரண்டு பேருக்கு நிஜ மருந்து, ஒருவருக்கு வெறும் வெற்று மாத்திரை.

"வெறும் மாத்திரை விழுந்தா என்ன சார் பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

சிரித்தார். "அம்மா, 2011-ல எனக்குக் கழுத்துல பலூன் வெச்சாங்க."

கழுத்து ரத்தக்குழாய் சுருங்குவதால்தான் எம்.எஸ். வருகிறது, அதை விரித்துவிட்டால் சரியாகிவிடும் என்று 2009-ல் இத்தாலியைச் சேர்ந்த டாக்டர் பாவ்லோ சம்போனி ஒரு கருத்தை வெளியிட்டார். உலகம் பூராவும் எம்.எஸ். நோயாளிகள் அதைச் செய்துகொள்ள ஓடினார்கள். நம் நாட்டுக்கும் அதற்காக வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். பி.டி. சார் மனைவியின் நகையை அடகு வைத்துச் செய்துகொண்டார்.

"மூணு மாசம் நல்லா இருந்த மாதிரி இருந்துச்சு. நானும் பத்து பேருக்கு சொன்னேன். அப்புறம் பழையபடி. நகை போனது போனதுதான்."

அந்த வைத்தியத்தை ஒழுங்கான ட்ரையலில் சோதித்தார்கள். சிலருக்கு நிஜமாக விரித்தார்கள். சிலருக்கு விரிப்பதுபோலச் செய்தார்கள். சம்போனியே முன்னின்று நடத்திய அந்த ஆய்வின் முடிவு 2017-ல் வந்தது. நோயில் வித்தியாசம் இல்லை.

"அந்த ட்ரையலை முதல்லயே பண்ணியிருந்தா என் வீட்டுக்காரி கழுத்துல செயின் இருந்திருக்கும். எனக்கு இப்ப இருக்கற மருந்துல பெரிசா ஒண்ணும் பலன் இல்லம்மா. விட்டுக்கொடுக்க எங்கிட்ட எதுவும் இல்ல. வெறும் மாத்திரை விழுந்தா விழுந்துட்டுப் போகுது. அடுத்தவன் நகையாவது தப்பிக்கட்டும்."

சொல்லிவிட்டு, படிவத்தில் கல்லீரல் பற்றிய பக்கத்தை மடித்துக் காட்டினார். "இதுக்கு மட்டும் என் பையன் வந்து டாக்டர்கிட்ட பேசணும்னு சொல்லியிருக்கேன்." அவரும் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

ஒரே ஒரு கேள்வி

எங்கள் முறை வந்தது. உள்ளே போனதும் இவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மூன்று வருடமாகப் பார்க்கிற டாக்டர். இவள் உடம்பு தேற ராத்திரி பத்து மணிக்கும் போன் எடுத்தவர். அவரிடம் எதிர்க்கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடாதா? நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தத் தயக்கம் கூடவே பிறந்தது. நான் அவள் முழங்கையைத் தொட்டேன்.

"சார், இந்த ட்ரையல்ல நான் சேரலைன்னா எனக்கு என்ன மருந்து குடுப்பீங்க?"

டாக்டர் ஒரு நிமிடம் பேனாவை மூடி வைத்தார். "ரிட்டுக்சிமாப் குடுப்பேன்" என்றார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிரிப்ஸாக ஏற்றுவது. முதலில் மஞ்சள் காமாலை பி வகை, காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தடுப்பூசிகளை முன்னாடியே போட்டுக்கொள்ள வேண்டும். ஏற்றும்போது சிலருக்குக் குளிரும், அரிக்கும். பிறகு தொற்று வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடும். எல்லாவற்றையும் சொன்னார்.

"குழந்தை பெத்துக்கலாமா சார்?" இரண்டாவது கேள்வி தானாக வந்துவிட்டது.

"மருந்து ஏத்தினதும் நான் சொல்ற இடைவெளி விட்டு பிளான் பண்ணலாம்மா. இந்த ஆசை உங்களுக்கு இருக்குன்னு எங்கிட்ட நீங்க சொல்லவே இல்லையே?"

"இந்த மருந்து இருக்குன்னு நீங்களும் சொல்லலையே சார்" என்றாள். எனக்குப் பகீர் என்றது.

டாக்டர் கோபப்படவில்லை. "நியாயம்தான். உங்களுக்கு வைத்தியம் பாக்கறதும் நான், ட்ரையல் நடத்தறதும் நான். அதனாலதான் நீங்க கேட்டே ஆகணும். ட்ரையல்ங்கறது ஒரு கேள்விம்மா. பதில் தெரிஞ்சிருந்தா ட்ரையலே வேண்டாமே" என்றார்.

பிறகு அவர் சொன்னதுதான் என்னை அசைத்தது. ரிட்டுக்சிமாப் எம்.எஸ்.ஸுக்காக வந்த மருந்தே இல்லை. புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுப்பது. காப்புரிமைக் காலம் முடிந்த பழைய மருந்து என்பதால், எம்.எஸ்.ஸுக்குப் பயன்படுமா என்று பெரிய ட்ரையல் நடத்தும் அக்கறை எந்தக் கம்பெனிக்கும் இல்லை. ஸ்வீடனில் 17 ஆஸ்பத்திரி டாக்டர்கள் சேர்ந்து, அந்த நாட்டு ஆய்வு நிதியில் நடத்தினார்கள். சேர்ந்தவர்கள் 200 பேர். பாதிப் பேருக்கு ரிட்டுக்சிமாப். பாதிப் பேருக்கு இவள் விழுங்கிக்கொண்டிருந்த அதே டைமெத்தில் ஃப்யூமரேட். இரண்டு வருடத்தில் மாத்திரைக்காரர்களில் 16 சதவிகிதம் பேருக்கு மறுபடி தாக்குதல் வந்தது. ரிட்டுக்சிமாப் ஏற்றிக்கொண்டவர்களில் 3 சதவிகிதம் பேருக்குத்தான். 2022-ல் வெளியானது. அடுத்த வருடமே உலக சுகாதார நிறுவனம் எம்.எஸ்.ஸுக்கான அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் ரிட்டுக்சிமாபைச் சேர்த்தது.

அந்த 200 பேருக்கும் கும்பகோணம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. குலுக்கலில் தங்களுக்கு எது விழும் என்றும் தெரியாமல் கையெழுத்துப் போட்டவர்கள். அவர்கள் போட்டதால்தான் அன்றைக்கு அந்த அறையில் இவளுக்குச் சொல்ல ஒரு பதில் இருந்தது.

அதற்காக இவளும் கையெழுத்துப் போட்டே தீர வேண்டுமா? அது மொய்க் கணக்கு இல்லையே, வாங்கியதைத் திருப்பி வைக்க! வெளியே வந்து மாப்பிள்ளையோடு கேன்டீனில் ஒரு டீ குடித்தாள். திரும்பிப் போய், "எனக்கு இந்த ட்ரையல் வேண்டாம் சார். ரிட்டுக்சிமாப் போட்டுக்கறேன்" என்றாள். டாக்டர் தலையாட்டிவிட்டு, ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதினார். அவ்வளவுதான். பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை.

செலவு? இருக்கிறது. ஒவ்வொரு தவணைக்கும் சில பத்தாயிரங்கள். மாப்பிள்ளை சீட்டு ஒன்றை எடுக்கப்போகிறார். நானும் கொஞ்சம் போடுகிறேன். பணம் மட்டுமே காரணமாக அவள் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் என்று நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது. அப்படிப் போடுகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர்.

உங்கள் வீட்டுக்கு வந்தால்...

எம்.எஸ். என்று இல்லை, சர்க்கரை, புற்றுநோய், எதற்கான ட்ரையலாக இருந்தாலும் கேட்க வேண்டியவை இவை.

1. இதில் சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை? இதுதான் முதல் கேள்வி.

2. குலுக்கலில் எனக்கு என்னென்ன விழலாம்? வெறும் வெற்று மாத்திரையும் விழுமா?

3. இப்போது சாப்பிடும் மருந்தை நிறுத்த வேண்டுமா? நடுவில் நோய் கூடினால் என்ன செய்வீர்கள்?

4. ட்ரையல் முடிந்த மறுநாள் என்ன மருந்து? புது மருந்து எனக்கு ஒத்துக்கொண்டால் தொடர்ந்து கிடைக்குமா?

5. ராத்திரி 2 மணிக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் யாருக்குப் போன் செய்வது?

6. எத்தனை முறை வர வேண்டும்? பயணக் காசு கிடைக்குமா? அன்றைக்குப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? கடைசிக் கேள்வியை டாக்டரிடம் இல்லை, வீட்டில் கேட்க வேண்டும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். மருந்து ஆய்வுகளில் நடந்த தவறுகள் தொடர்பான பொதுநல வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு விதிகள் இறுகின. இப்போது நடைமுறையில் இருப்பது 2019-ம் ஆண்டு விதிகள். ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். ஒரு பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும். ட்ரையலால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. ஒவ்வொரு ட்ரையலுக்கும் ஒரு நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும். அதில் குறைந்தது ஏழு பேர். ஒரு பெண், ஒரு சட்டம் தெரிந்தவர், மருத்துவம் படிக்காத ஒரு சாதாரண மனிதர் கட்டாயம். பாதிப் பேராவது அந்த ஆஸ்பத்திரியைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். மருந்து ஆய்வுகளை சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதிவு செய்வது 2009 ஜூன் 15 முதல் கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, போனிலேயே தேடிப் பார்க்கலாம்.

சேர்ந்த பிறகும் எந்த நாளிலும் விலகலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. விலகியதற்காக உங்கள் வழக்கமான சிகிச்சையைக் குறைக்கக் கூடாது. இன்னொன்று, 'ட்ரையல்ல இருக்கற மருந்து, இவ்வளவு லட்சம் கட்டுங்க' என்று யாராவது சொன்னால், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். பி.டி. சார் மனைவியின் செயினை நினைத்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் அக்னி நட்சத்திர வெயிலில் அவளுக்கு முதல் டிரிப்ஸ் ஏற்றினார்கள். வெயில் ஏறினால் எம்.எஸ். உள்ளவர்களுக்குப் பார்வை மங்கும், கால் சோரும் என்பதால் ராத்திரி ரயிலில்தான் வந்தாள், ராத்திரி ரயிலில்தான் போனாள். கொஞ்சம் குளிரியது, கழுத்தில் அரித்தது. வேறொன்றும் இல்லை. இனி எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். பி.டி. சார் மகனை அழைத்து வந்து பேசி, கையெழுத்துப் போட்டுவிட்டார். மாதா மாதம் ரத்தம் கொடுக்க வருகிறார். அவருக்கு எது விழுந்தது என்று அவருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

அந்த 26 பக்கம் இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. பின்பக்கம் காலியாக இருந்ததால், லீவுக்கு வந்த பேத்தி நான்கு பேர் கைகோத்து நிற்கிற மாதிரி படம் வரைந்து வைத்திருக்கிறாள். நாலாவது ஆள் ரொம்பக் குட்டி.

நாளைக்கு உங்கள் வீட்டில் யாராவது போன் செய்து, "டாக்டர் ஒரு ட்ரையல் சொல்றார்" என்றால் 'சேர்ந்துடு' என்றும் சொல்லாதீர்கள், 'வேண்டாம்' என்றும் சொல்லாதீர்கள். அடுப்பை அணையுங்கள். அப்புறம் சொல்லுங்கள்: "பேப்பரை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வா. உக்காந்து படிப்போம்."

அடுத்த வாரம் சந்திப்போம்.